பதினொரு கறுப்பு வரிகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு மைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரலிடுக்கில், நகக்கண்ணில், சில நாள் மூக்கு நுனியில்கூட மை இருக்கும்போது வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

ரயில் நிலையத்துப் பார்சல் கிடங்குக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஏழு மேஜைகள். போர்முனையிலிருந்து வரும் கடிதங்கள் காலையில் மூட்டையாக வந்து இறங்கும். பிரித்துப் படிக்க வேண்டும். எழுதக்கூடாததைக் கறுப்பு மையால் அடிக்க வேண்டும். காய வைத்து, ஒட்டி, 'பார்வையிடப்பட்டது' என்று வட்ட முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு மைப்புட்டி, ஒரு தட்டைத் தூரிகை, ஓர் அடிக்கோல். ஊரார் வீட்டு அந்தரங்கமெல்லாம் இந்த மூன்று சாமானுக்குள் அடக்கம்.

எதை அடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. ஊர்ப்பெயர், தேதி, ஆள் கணக்கு. இவை சின்ன வேலை, தூரிகையை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். நாலாவதாக ஒன்று இருந்தது: 'மனத்தளர்ச்சி தரும் பகுதிகள்.' இதெல்லாம் எதற்கு என்று தெரியவில்லை, தூக்கம் வருவதில்லை, செத்தவன் முகம் கண்ணிலேயே நிற்கிறது, இப்படி எழுதுகிறவர்கள் ஒரு வரியோடு நிறுத்த மாட்டார்கள். மூன்று வரி, ஐந்து வரி, சில சமயம் பக்கம் முழுக்கப் போகும். அலுவலகத்தில் அதற்குச் செல்லப்பெயர் 'மனசு'.

"இன்னிக்கு எத்தனை மனசு?" என்று மாலையில் அதிகாரி கேட்பார்.

"பதினேழு சார்" என்பாள் மைக்காரி. அவள்தான் எப்போதும் முதல். கை அவ்வளவு வேகம்.

கை மட்டுமில்லை, நம்பிக்கையும் வேகம்தான். எல்லைப்பக்கத்து ஊரில் பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்ததில்தான் இந்தப் போரே ஆரம்பித்தது. அது அவளுடைய மாமியார் பிறந்த ஊர். அத்தையின் ஒரே தம்பி அந்தப் பள்ளியில் வாத்தியார். பிள்ளைகளோடு அவரும் போனார். அந்தச் செய்தி வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் நியாய அநியாயம் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவள் புருஷன் நீரேற்று நிலையத்தில் பம்பு மெக்கானிக். குடிதண்ணீர் வேலை என்பதால் அவனைப் படைக்குக் கட்டாயப்படுத்த முடியாது. அவன்தான் ஒரு நாள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "போகட்டுமா?" என்று கேட்டான். முகத்தில் 'வேண்டாம்னு சொல்லேன்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்துதான், "எல்லா வீட்லயும் போறாங்க. நம்ம வீட்ல மட்டும் ஆம்பளைய ஒளிச்சு வெச்சுக்கவா?" என்றாள்.

அவன் போனான். மூன்று வருஷ ஒப்பந்தம். நடுவில் ஒரே ஒரு தடவை பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்தான். மகள் பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. பன்னிரண்டு நாளும் அவன் தோளை விட்டு இறங்கவே இல்லை.

அவன் எழுதுகிற கடிதங்கள் இருக்கின்றனவே, அவற்றை வைத்துக்கொண்டு அவள் படாத பாடு பட்டாள். மற்றவன் பெண்டாட்டிக்கு மற்றவன் எழுதுவதை எட்டு மணி நேரம் படிக்கிறவள் அவள். ஒருவன் 'என் தங்கமே' என்பான். ஒருவன் உன் கழுத்து வேர்வை வாசனை இங்கே வரைக்கும் வருகிறது என்பான். மைக்காரிக்குக் காதெல்லாம் சூடாகிவிடும். இவனோ, 'நலம். நலமறிய ஆவல். மேல்தொட்டி மிதவை சரியாக இருக்கிறதா? ஈரக்கையோடு குளியலறை ஸ்விட்சைத் தொடாதே' என்று எழுதுவான். பம்புக்கு எழுதியிருந்தால்கூட இன்னும் ரெண்டு வார்த்தை அன்பாக எழுதியிருப்பான். ஆரம்பத்தில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு, ஊரார் கடிதத்திலிருந்து நல்ல வரியாக ஒன்றை மனசுக்குள் திருடிக்கொண்டு வந்து, படுக்கையில் அவன் குரலில் சொல்லிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். அந்தக் குரலும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. தும்மல் ஞாபகம் இருந்தது, இருமல் ஞாபகம் இருந்தது. தன்னைக் கூப்பிடும்போது எப்படிக் கூப்பிடுவான் என்பது மட்டும் எவ்வளவு முயன்றும் காதில் வரவில்லை. அந்த ஏக்கம் பொல்லாதது, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாதது.

தன் வீட்டுக் கடிதத்தைத் தானே படித்து அடிக்க யாருக்கும் அனுமதி கிடையாது. ஊழியர் வீட்டுக் கடிதங்களெல்லாம் ஐந்தாவது மேஜைக்குப் போகும். அங்கே இருந்தவர் முன்பு அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவர். கல்யாணம் ஆகாதவர், போர்முனையில் அவருக்கென்று ஒருவரும் இல்லை. அதனால்தான் அந்த மேஜையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். புரூப்காரர் என்று கூப்பிடுவார்கள். குண்டுச் சத்தத்துக்கு நடுவே எழுதிய கடிதமாக இருந்தாலும் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் பென்சிலால் போடாமல் அவரால் அடுத்த வரிக்குப் போக முடியாது. 'என் புருஷன் திடீர்னு இலக்கணமா எழுதுறாரே, பக்கத்துல எவ இருக்கா?' என்று ஒரு பெண் பதறிக் கடிதமே எழுதிவிட்டாள்.

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனுடைய கடிதம் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு நீட்டிப்புப் படிவம். இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சம்மதம் என்று அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். அதற்குக் கீழே 'மனைவியின் சம்மதம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் செல்லாது, ஆளை விடுவித்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

கடிதத்தில், 'நலம். படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு' என்று இருந்தது. அதற்குக் கீழே பதினொரு வரி கறுப்பு. கடைசியில் 'இப்படிக்கு' மட்டும் மிச்சம்.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்தக் கறுப்பைப் பார்த்துக் கலங்கியிருப்பாள். மைக்காரி சிரித்தாள். பதினொரு வரி என்றால் ஊர்ப்பெயர் இல்லை, ஆள் கணக்கு இல்லை. பதினொரு வரி என்றால் மனசு. மூன்று வருஷமாக இதே வேலையாக இருப்பவளுக்கு இதுகூடவா தெரியாது? அலுத்துப் போய்விட்டான். வீட்டுக்கு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறான். யாரோ மேலதிகாரி படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறான். மறுக்க முடியாமல் போட்டுவிட்டு, 'நீ போடாதே' என்று கீழே பதினொரு வரி கெஞ்சியிருக்கிறான். பம்பு மெக்கானிக் கடைசியில் வாயைத் திறந்துவிட்டான்.

அன்றைக்கு அவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்தாள். அவனுடைய செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடப் போறதில்ல அத்தை. அவர் வர்றதுக்குத் துடிக்கிறார்."

"அப்படி எங்க எழுதியிருக்கான்? போட்டு அனுப்புன்னுதானே இருக்கு?"

"கறுப்புக்கு அடியில எழுதியிருக்கார்."

"அடியில இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்? ஞானக்கண்ணா?" அத்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டம். "என் பிள்ளை வந்தா எனக்கு மட்டும் ஆகாதா? ஆனா என் தம்பியப் பள்ளிக்கூடத்தோட எரிச்சவன் இன்னும் அங்கதான் நிக்கிறான். இவன் பாதியில திரும்பி வந்தா, போனதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும். காரணம் இல்லாம அவன் கேக்க மாட்டான். போட்டுக் கொடு."

முன்பு இதே மாதிரி பேசித்தான் மைக்காரியே அவனை அனுப்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், எல்லோரும் கீழே டீக்கு இறங்கிய பிறகு, ஐந்தாவது மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு. நீங்க வாயத் திறக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் வர ஆசைப்படுறார்னுதானே எழுதியிருந்தார்? தலைய மட்டும் ஆட்டுங்க."

புரூப்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். ஆமாம் என்று ஆட்டவில்லை. இல்லை என்று, மெதுவாக, இரண்டு தரம் ஆட்டினார்.

அவள் எதிர்நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப என்ன சார்?"

"கேக்காதீங்கம்மா."

"கேக்காமப் போனா வெள்ளிக்கிழமை நான் தப்பாத்தான் ஏதாவது செய்வேன்."

மெய்ப்புப் பார்த்தவர்களுக்கு ஒரு சாபம் உண்டு, படித்தது மறக்காது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிறவர் போல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்:

"'ஒரு வீட்டிலிருந்து சுட்டார்கள். நானும் சுட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால், தேடிப் போனவன் இல்லை. ஒரு சின்னப் பெண் இருந்தாள். நம் பாப்பா உயரம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. போரில் இது சகஜம் என்கிறார்கள். சகஜமாக இல்லை. வீட்டுக்கு வந்தால் பாப்பா ஓடி வந்து தோளில் ஏறும். அதை நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். நீ கையெழுத்து மட்டும் போட்டுவிடு, காரணம் கேட்காதே. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.' அவ்வளவுதாம்மா."

உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எத்தனையோ பேருடைய பெண்டாட்டிகளுக்கு வந்ததைத் திருடிக்கொண்டிருந்தாளே, அவளுக்கென்றே ஒரு வரி வந்திருந்தது. அதன் மேலும் மை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புரூப்காரர் எழுந்து போய்க் கதவை ஒருக்களித்து வைத்தார்.

அழுது முடித்த பிறகு வந்ததுதான் பெரிய இடி. படிவத்தோடு வந்த கடிதங்கள் அவள் மேஜைக்கும் வந்திருக்கின்றன. வாரத்துக்கு நாலைந்தாவது வரும். 'கையெழுத்துப் போட்டு அனுப்பு' என்பதை விட்டுவிட்டு, கீழே இருந்ததை அவளேதான் அடித்திருக்கிறாள், வேகமாக, சிந்தாமல். அந்தப் பெண்களெல்லாம் மிச்சமிருந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்கள் புருஷன்மார் எதற்குப் பயந்து அங்கேயே இருந்துவிட்டார்கள் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

அன்று சாயங்காலமே அடுப்படித் தரையில் உட்கார்ந்து அவனுக்கு எழுதினாள். நாலு தரம் கிழித்துப் போட்டாள். ஐந்தாவது நின்றது.

'நான் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் எழுதியது எனக்குத் தெரியும். முழுக்கத் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறேன். இந்தப் போர் சரியா, தப்பா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் எரிந்ததும் உண்மை, அந்த வீட்டுப் பெண்ணும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை என்னால் ஆற்ற முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் கேட்டபோது உங்கள் முகத்தில் இருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் போகச் சொன்னேன். அதனால் நீங்கள் செய்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை நீங்கள் தனியாக அங்கே உட்கார்ந்து சுமக்க வேண்டாம். வந்துவிடுங்கள்.'

காலியாக இருந்த படிவத்தையும் கூடவே மடித்து வைத்தாள்.

குடும்பங்கள் போர்முனைக்கு எழுதும் கடிதத்துக்கும் தணிக்கை உண்டு. மறுநாள் அது ஐந்தாவது மேஜைக்குப் போயிற்று. இரண்டு மேஜை தள்ளி இருந்தபடி, தன் வேலையைப் பார்க்கிற மாதிரி, அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரூப்காரர் தூரிகையை மையில் தோய்த்தார். வழித்தார். அப்புறம் எழுந்து அவளிடம் வந்துவிட்டார்.

"சரியா தப்பாங்கிறதுலேர்ந்து நாலஞ்சு வரி போயிடும்மா. விதி."

"எடுத்துக்கங்க சார். அதை அவர் வந்ததும் நேர்ல பேசிக்கிறோம்."

"'முழுக்கத் தெரியும்'னு எழுதியிருக்கீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "யார் சொல்லித் தெரியும்னு கேட்டா, என் மேஜையைத்தான் கை காட்டணும். என் வேலை போயிடும்."

அந்த வரி போனால் கடிதமே போன மாதிரி. ஒன்றும் தெரியாதவளாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தால் அவன் வர மாட்டான், வந்தாலும் வாசலோடு நின்றுவிடுவான். ஆனால் இந்த மனுஷனுக்கும் ஒரு வயிறு இருக்கிறது.

"உங்க இஷ்டம் சார்" என்றாள். "அடிச்சாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். நாலைந்து வரியை அடித்தார், காய வைத்தார், பென்சிலால் எங்கோ ஒரு புள்ளியைச் சேர்த்தார். வட்ட முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். 'முழுக்கத் தெரியும்' அப்படியே இருந்தது. வெளியே போகும் கடிதங்களில் பத்துக்கு ஒன்றைத்தான் அதிகாரி பிரித்துப் பார்ப்பார். அவளுடையது மற்ற ஒன்பதோடு போயிற்று.

அத்தையிடம் அவள் ஒளிக்கவில்லை. கையெழுத்துப் போடவில்லை என்பதைச் சொன்னாள். எதனால் என்பதை மட்டும், "அவர் வந்து சொல்லட்டும் அத்தை, அது அவர் சொல்ல வேண்டியது" என்றாள். அத்தை இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நாள், "அவனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைக்காக அவள் வேண்டாத தெய்வம் இல்லையாம், அதை இவ்வளவு நாள் வெளியே காட்டாமல் இருந்திருக்கிறாள்.

பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். மைக்காரியின் தூரிகை மட்டும் மாறிவிட்டது. மாலையில் அதிகாரி கேட்டால், "ரெண்டு மனசு சார்" என்பாள்.

"என்னம்மா திடீர்னு இவ்வளவு குறைஞ்சுபோச்சு?"

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க போல சார்."

ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது கடிதம் வந்தது. அடிக்க ஒன்றுமே இல்லாத கடிதம். 'பத்தாம் தேதி மாலை வண்டி. ஸ்டேஷனுக்குப் பாப்பாவைக் கூட்டி வராதே.' 'நலம்' என்ற வார்த்தைகூட இல்லை.

அதை அவள் பாப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டினாள். அடிக்கிறதும் மறைக்கிறதும் அலுவலகத்தோடு போதும் என்று தோன்றிவிட்டது. ஏழு வயது முகம் சுருங்கிப்போயிற்று. "நான் என்ன பண்ணேன்?" என்றாள். "நீ ஒண்ணும் பண்ணல, கண்ணு. அப்பாவுக்கு மனசு சரியில்ல. உன்னப் பாத்தா அழுதுடுவோம்னு பயப்படுறார்" என்றாள் அம்மா. பாப்பா நம்பினாளோ இல்லையோ, பத்தாம் தேதி பாட்டியோடு வீட்டில் இருக்கச் சம்மதித்தாள்.

வண்டி இருபது நிமிஷம் தாமதம். மைக்காரி கைகளை எலுமிச்சையும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்திருந்தாள், இருந்தும் நகக்கண்ணில் கறுப்பு. பார்சல் கிடங்குப் பக்கம் கடைசிப் பெட்டியிலிருந்து அவன் இறங்கினான். பாதி ஆளாகிவிட்டிருந்தான். அவள் கிட்டே போய் நின்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தான். தூணுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். நடைமேடை முழுக்க, வாசல் வரைக்கும், இடுப்பு உயரத்தில் அவன் கண் எதையோ தேடிக்கொண்டு போய்த் திரும்பியது.

"பாப்பா வரலையா?" என்றான்.

"நீங்கதானே கூட்டி வராதேன்னு எழுதினீங்க."

"ஆமா" என்றான். "எழுதினேன்."

சொல்லிவிட்டு இரும்புப் பெட்டியைக் கையில் எடுத்தான். இரண்டடி நடந்தவன், மறுபடியும் வாசலைப் பார்த்தான்.